மூன்றாவது பிரதியில் வைத்த படம்

அப்பாவும் நானும் சேர்ந்து கடைசியாகச் செய்தது ஒரு இட்லிப்பொடி லேபிள். 2006 மார்ச், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சீனியம்மாள் அக்கா எழுதிக் கொடுத்த தாளை நான் வாசித்தேன். அப்பா திரையைப் பார்த்துச் சரிபார்த்தார். உளுந்து, கடலைப்பருப்பு, எள், காயம். அடுத்த வரி, சுத்தமான நெய்யில் வறுத்தது. அக்கா நெய் வாங்கி நான் பார்த்ததில்லை. நிறுத்தினேன்.

"வாசி," என்றார் அப்பா.

"நெய்யே கிடையாதுப்பா அதுல."

"பார்ட்டி எழுதித் தர்றது பார்ட்டியோட பாடு மஞ்சு. அதை வரிசையா வைக்கிறது மட்டும்தான் நம்ம வேலை."

வாசித்தேன். அந்த வரியை மட்டும் மஞ்சள் எழுத்தில் வைத்தார். புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு, அந்த லேபிளுக்கு அச்சு ஃபிலிம் எடுக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வயது ஐம்பத்து மூன்று.

பெயர் பாண்டியராஜன். தாத்தா முனியாண்டி துப்புரவு வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்தவர். அப்பா அந்த வேலைக்குப் போகவில்லை. பத்தாவது முடித்து ஒரு அச்சகத்தில் சேர்ந்தார். 1997இல் அங்கிருந்து விலகி, சுள்ளிக்கல்லில் எங்கள் வீட்டின் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வாங்கி வைத்தார். வாசலில் போர்டு கிடையாது. ஒருவர் சொல்லி ஒருவர் வருவார்கள். குடை ரிப்பேர் நாணு சேட்டனுக்கு விசிட்டிங் கார்டு, தையல்கடைக்கு பில் புத்தகம், கால்பந்து கிளப்புக்கு நன்கொடை ரசீது, அம்மன் கோயில் கொடைக்கு இரண்டு மொழியில் நோட்டீஸ். தமிழை அவர் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் எந்த மொழியானாலும் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது அவர் கண்ணுக்குத் தெரியும். நல்ல வேலைக்காரர். இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

அவருக்கு நண்பர் என்று இருந்தது ஒருவர்தான், கொச்சங்காடி இசக்கிமுத்து மாமா. மாநகராட்சியில் துப்புரவு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா அவரை அண்ணாச்சி என்பார். 2000 உள்ளாட்சித் தேர்தலில் மாமா சுயேச்சையாக நின்றார். போஸ்டர், நோட்டீஸ், வாக்காளர் சீட்டு எல்லாம் அப்பா செய்து கொடுத்தார். எங்கள் மொட்டைமாடியில் நிறுத்தி போட்டோவும் அவரே எடுத்தார். ஜெயித்துவிடுவார் என்றுதான் தெருவில் பேச்சு.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் காலை ஒவ்வொரு வீட்டுக் கதவுக்கு அடியிலும் ஒரு நோட்டீஸ் கிடந்தது. 'பாண்டிக்காரனுக்குக் கொச்சியில் என்ன காரியம்?' என்று மலையாளத்தில் பெரிய தலைப்பு. தமிழரை இங்கே ஏளனமாக அப்படித்தான் சொல்வார்கள். கீழே மாமாவின் படம். கண் பாதி மூடி, உதடு தொங்கி, குடித்தவர்போல. ரேஷன் கார்டு இன்னும் திருநெல்வேலியில்தான், இங்கே கள்ள ஓட்டு என்று பத்து வரி. அச்சகத்தின் பெயர் இல்லை. மாமா நாற்பத்தோரு ஓட்டில் தோற்றார். அதன் பிறகும் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்குச் சாயா குடிக்க வந்துகொண்டுதான் இருந்தார்.

யார் செய்தது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். என் பாலிடெக்னிக் தோழன் சிஜு, தோப்பும்படியில் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்த்தான். அவன் தாய்மாமன், மாமாவை எதிர்த்து நின்ற கட்சிக்கு வேலை செய்தவர். சிஜுவாக இருக்குமா என்று வீட்டில் கேட்டேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தத் தலைப்பு எழுத்து அவங்க சென்டர்லயும் உண்டு," என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் நான் அந்த சென்டருக்குப் போய், வாடிக்கையாளர்கள் முன்னால் சிஜுவைக் கேட்டேன். நான் கேட்டது முழுதும் நினைவில்லை. அவன் சொன்னது நினைவிருக்கிறது.

"நானில்ல மஞ்சு. வேற யாரு கேட்டாலும் பரவால்ல. நீயா கேக்குற?"

எனக்கும் அவனுக்கும் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் அப்போது ஒரு பேச்சு இருந்தது. அன்றோடு போயிற்று. ஆறு வருடம் அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்ப்பவள். அப்பா போன பிறகு வாடிக்கையாளர்கள் அவரவர் ஃபைல்களைக் கேட்டு வந்தார்கள். ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததை ஆளுக்கொரு சிடியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். அரிசி மண்டி ராமபத்ரனின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. மாமாவை எதிர்த்து நின்ற அதே கட்சியின் உள்ளூர்ப் பெரிய ஆள். ஆண்டுதோறும் காலண்டர் வேலை தருபவர். காலண்டர்களுக்கு நடுவே அந்த நோட்டீஸ் மூன்று பிரதிகளாக இருந்தது. தேதி, வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்பு.

முதல் பிரதி, மதியம் இரண்டு பத்து. வெறும் எழுத்து. இரண்டாவது, இரண்டு ஐம்பது. படத்துக்கு ஒரு காலிக் கட்டம். மூன்றாவது, மூன்று நாற்பது. கட்டத்தில் மாமா. பின்னால் தெரிந்த எங்கள் மாடிச் சுவர் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. கண்ணுக்குக் கீழே நிழலை அப்பா கூட்டியிருந்தார்.

ராமபத்ரன் தந்த கையெழுத்துத் தாளையும் ஸ்கேன் செய்து வைத்திருந்தார். நான்கு முறை படித்தேன். படம் வேண்டும் என்று அதில் எங்குமே இல்லை. முதல் பிரதியே அச்சுக்குப் போதுமானது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போனபின் மாமா மட்டும் உட்கார்ந்திருந்தார். மூன்று பிரதிகளையும் அச்செடுத்து அவர் மடியில் வைத்தேன். முதல் இரண்டையும் புரட்டினார். மூன்றாவதைப் புரட்டவில்லை.

"தெரியும் மோளே," என்றார். "அன்னைக்கே தெரியும். உங்க மாடியில எடுத்த போட்டோ பிரிண்ட் போட்டு வந்தப்ப இந்தப் படத்தைக் கிழிச்சுப் போடச் சொன்னதே நான்தான். இதைப் பாத்தா என் பொஞ்சாதியே ஓட்டுப் போட மாட்டாடேன்னு சொன்னேன். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். எங்க ரெண்டு பேரைத் தவிர வேற யாரும் இதைப் பாத்ததில்ல."

பிறகு ஏன் ஞாயிறு தவறாமல் இங்கே வந்தீர்கள் என்று கேட்டேன்.

"அவன் வாயால சொல்லட்டும்னுதான். பின்னே சாயா குடிக்கவா? எங்க வீட்டுல சாயா கிடையாதா? ஏழெட்டுத் தடவை வாயைத் திறந்தான். திறந்து, மழையப் பத்திப் பேசினான்."

சிஜுவை நான் கேட்டதும் அவருக்குத் தெரியும். அதைச் சொல்லிக் காட்டினேன். நீங்களாவது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றேன். அவர் நோட்டீஸைக் குப்புறத் திருப்பி வைத்தார். ஒரு மகளிடம் போய் அவள் அப்பனைப் பற்றி எப்படிச் சொல்வது என்று கேட்டார். ஆனாலும் மன்னிக்க முடியவில்லை, இருவரையும்.

செருப்பு மாட்டும்போதுதான் மாமா மற்றதைச் சொன்னார். கடைசி ஞாயிறு அவருக்குக் காய்ச்சல்; வரவில்லை. செவ்வாய்க்கிழமை அப்பா போன் செய்திருக்கிறார். நாளைக்கு ஃபிலிம் வாங்கிக்கொண்டு அப்படியே அங்கே வருகிறேன், ஒரு காரியம் உண்டு, வீட்டில் இருங்கள் அண்ணாச்சி என்று. தேர்தலுக்குப் பிறகு அப்பா அவர் வீட்டுப் படி ஏறியதே இல்லை.

"என்ன காரியம்னு சொன்னாரா?"

"கேக்கல. கேட்டா வராம இருந்துடுவான்னு."

புதன்கிழமை நாலரைக்கே மாமா சட்டை மாட்டிக்கொண்டு, நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆறரைக்கு நான்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டேன். போன் மணி அடித்தபோது, வரத் தாமதமாகும் என்று சொல்லத்தான் பாண்டி கூப்பிடுகிறான் என்று நினைத்தாராம்.