துரையின் காருக்கு இரண்டு குழாய்கள்

1983ஆம் ஆண்டு மார்ச் 12, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். விடியற்காலையில் பிடித்த மழை விட்டிருந்தது. செம்பனை மட்டைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது, வெயில் இன்னும் ஏறவில்லை. எனக்கு வயது பத்து. மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து ஏழு மைல் தள்ளியிருந்த எங்கள் தோட்டத்தின் மரப்பாலத்தருகே நின்றுகொண்டு, அப்பா சொல்லியிருந்தபடி, ஒரு கார் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

கார் துரையுடையது. தோட்ட நிர்வாகி வெள்ளைக்காரராக இல்லாத அந்தக் காலத்திலும் நாங்கள் அவரைத் துரை என்றுதான் சொல்வோம். முன்பிருந்த வெள்ளைக்காரத் துரை ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே இருக்கை, மடக்கும் கூரை, என்னைவிடப் பதினாறு வயது மூத்தது. அதன் எஞ்சினில் சூப்பர்சார்ஜர் என்று ஒரு பெட்டி உண்டு. காற்றை அமுக்கி உள்ளே ஊதும். தோட்டத்தின் லோரிகளையும் டிராக்டர்களையும் பழுதுபார்க்கும் பிட்டர் என் அப்பா. அந்தப் பெட்டிக்கு அவர் கொடுத்த மரியாதையை மனிதர்களில் எவருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அந்த மாதத் தொடக்கத்தில் காரின் பழைய புகைக்குழாய் துருவேறி, சைலன்சரோடு கழன்று விழுந்தது. துரை கிள்ளானிலிருந்து இரண்டு புதிய குழாய்களை வரவழைத்தார். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிவிடலாம் என்று பேச்சு. இரண்டும் பழையதைவிட அகலம். ஒன்றில் தலையணைப் பருமனுக்கு ஒரு சைலன்சர். மற்றதில் முழ நீளத்தில் ஓர் உருளை, உள்ளே தடுப்பே கிடையாது. முதலாவது பசு மாதிரி. இரண்டாவது ஊரைக் கூட்டும்.

இரண்டையும் மாற்றி மாற்றிப் பூட்டி அப்பா ஓட்டிவருவார். சத்தம் காதில் விழுந்ததிலிருந்து கார் வளைவில் கண்ணுக்குத் தெரியும்வரை நான் எண்ண வேண்டும். எஞ்சின் சோதனை என்றார். லயத்து வீட்டுக் கதவுகள் முதல் பள்ளிக்கூடத்துக் கூரையின் ஆணிகள் வரை எண்ணி வைத்திருந்தவன் நான்; என் திறமை கடைசியில் உரியவர் கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பாலத்தை ஒட்டிய பன்னிரண்டாம் நம்பர் காட்டில் ஏழு பெண்கள் உதிர்ந்த செம்பனைப் பழங்களைப் பொறுக்கிக் கோணியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா அவர்களில் ஒருவர். கொஞ்சம் பொறுக்குவார், பிறகு கோணிமேல் உட்கார்ந்துவிடுவார். தங்கை பிறந்ததிலிருந்து அவருக்கு இதயம் பலவீனம். அது அப்பாவுக்கும் மற்ற ஆறு பெண்களுக்கும் மட்டுமே தெரியும், எனக்குச் சொல்லப்படவில்லை. வேலை நேரத்தில் உட்கார்ந்திருப்பதைத் துரை பார்த்தால் அரைப்பேர், பாதி நாள் கூலி போய்விடும். மூன்று முறை பார்த்தால் வேலையே போகும். நல்ல வேளையாகப் பழைய குழாய் கொஞ்சம் உறுமும். உறுமல் கேட்டதும் அம்மா எழுந்துகொள்வார். அதையும் நான் பார்த்திருக்கிறேன். என் அம்மா ஒரு சோம்பேறி என்ற வெட்கம் எனக்கு உள்ளூர இருந்தது.

“என்னடா மண்டோரு, எங்கள எண்ண வந்தியா?” என்று கங்காணியைக் கூப்பிடுவதுபோல் கேட்டார் ஒரு பெண். காரை எண்ண வந்தேன் என்றேன். அவர்கள் சிரிக்கவில்லை, அம்மாவைப் பார்த்தார்கள்.

பெரிய சைலன்சரோடு கார் வந்தபோது பதினொன்றுக்குமேல் எண்ண முடியவில்லை. அதற்குள் அம்மா ஒரு முழங்காலை ஊன்றியிருந்தார், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் கழித்து மற்ற குழாயோடு வந்தது. தொண்ணூற்று நாலு. அம்மா எழுந்து, தலைத்துணியை இறுக்கிக் கட்டி, நாலு கை பழமும் பொறுக்கியிருந்தார். இரண்டு முறையும் ஒரே வேகத்தில்தான் எண்ணினேனா என்ற சந்தேகம் மட்டும் இன்றைக்கும் போகவில்லை.

பதினொன்றே முக்காலுக்குத் துரை லோரிக் கொட்டகைக்கு வந்து, எதைப் போடலாம் என்று கேட்டார். அப்பா உருளையைத் தட்டிக் காட்டினார்.

“சூப்பர்சார்ஜர் உள்ள ஊதிக்கிட்டே இருக்கு தொர. உள்ள போனது வெளிய போவணும். பெரிய சைலன்சர்ல தடுப்பு ஜாஸ்தி, சூடு தங்கிரும். வால்வு கருகிப் போவும்.”

எஞ்சின் விஷயத்தில் அப்பா கூட்டிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். தடுப்பு இருந்தது உண்மை. வால்வு கருகுமளவுக்கு இல்லை. துரைக்கும் அது ஓரளவு தெரியும். தன் வீட்டில் நாலு மாதக் குழந்தை இருப்பதையும், கார் கிளம்பினால் விழித்துக்கொண்டு அழுவதையும் சொன்னார். அப்பா மறுபடியும் சூட்டைப் பற்றியே பேசினார். அவர் தோற்றுக்கொண்டிருப்பது எனக்குப் புரிந்தது. உதவிக்குப் போனேன்.

“இதான் நல்லது தொர. நீங்க வர்றதுக்குள்ள தொண்ணூத்தி நாலு எண்ணலாம். அதுல பதினொண்ணுதான்.”

யார் எண்ணச் சொன்னது என்று கேட்டார். அப்பா என்றேன். எங்கே நின்று எண்ணினேன் என்று கேட்டார். பன்னிரண்டாம் நம்பரில், அம்மா பழம் பொறுக்கும் இடத்தில் என்றேன். கணக்கு முழுமையாக இருக்கட்டும் என்று, தொண்ணூற்று நாலுக்குள் அம்மா எழுந்து நின்றுவிடுவதையும் சேர்த்துச் சொன்னேன்.

“ஏன் உக்காருறாங்க?”

“தெரியாது தொர. கொஞ்சம் நடந்தாலே வாயால மூச்சு விடுவாங்க.”

அப்பா எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே துடைத்த கைதான். துரை அவரை ஏறிட்டுப் பார்க்காமல், குனிந்து இரண்டு குழாய்களையும் வெகுநேரம் பார்த்தார்.

“பெருச போடு பிட்டர். வீட்டுல பிள்ள தூங்கணும்.”

அப்பா என்னை அடிக்கவில்லை. அந்த ஞாயிறு அம்மா மட்டும் இரண்டு முறை என் தலையைத் தடவினார். தப்பு செய்தவனைத் தடவுவானேன் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம் போகும் வழியில் பாலத்தருகே காரைப் பார்த்தேன். பூனை மாதிரி வந்து வளைவுக்கு முன்பே நின்றது. துரை ஹாரனை மூன்று முறை நீளமாக அடித்தார். சாலையில் மாடு இல்லை, பிள்ளைகள் இல்லை, லோரி இல்லை. பிறகு சிகரெட் பற்றவைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். நான் நூற்று இருபது எண்ணிய பிறகுதான் கார் நகர்ந்தது. செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. அந்த வருடம் முழுவதும் பன்னிரண்டாம் நம்பர் வளைவில் மட்டும் அவர் அப்படித்தான் செய்தார்.

சத்தம் வேண்டாம் என்று தேடி வாங்கியவர், தினமும் தானே நின்று சத்தம் போடுகிறாரே, இவ்வளவு படித்தும் இந்தச் சின்னக் கணக்கு வரவில்லையே என்று நான் அவருக்காக வருந்தினேன். அந்தப் பெரிய சைலன்சருக்கு அவர் கொடுத்தது முந்நூற்று இருபது வெள்ளி.