கொய்யாவுக்குக் கவிதை இல்லை

என் மனைவி கவிஞர். ஹைதராபாத் கூகட்பள்ளியில், ஹவுசிங் போர்டு காலனியில், இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்ட தெருவில் எங்கள் வீடும் தோட்டமும் மட்டும் பழையபடி மிச்சம். அவள் இறந்த பிறகு, அவள் ஆசைப்பட்டபடியே அதை ஒரு சின்னக் குழுவிடம் ஒப்படைத்தேன். பிள்ளைகள் வந்து படம் வரையலாம், கவிதை படிக்கலாம், பறவை பார்க்கலாம். மரங்களை யாரும் வெட்டமாட்டார்கள் என்று நம்பினேன். நான் பின்னறைக்கு ஒதுங்கிக்கொண்டேன். பாலாநகர் ஃபேக்டரியிலிருந்து ரிட்டையரானவனுக்கு ஓர் அறை தாராளம்.

குழுவில் ஒரு பெண். தலைமுறை தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். ஒருநாள் என் மனைவியின் புத்தகத்தோடு வந்தாள். கவிதைகளில் வரும் மரங்களையெல்லாம் மறுபடி நட்டு, பக்கத்தில் அந்தந்தக் கவிதையை எழுதி வைக்கப் போகிறார்களாம். பவளமல்லி, முருங்கை, எலுமிச்சை. இடம் வேண்டுமே, அதனால் நடுவில் நிற்கும் கொய்யாவை எடுத்துவிட வேண்டுமாம்.

"ஹவ் அங்கிள், ஆமா, நல்ல மரம்தான். ஆனா ஆன்ட்டி அதப் பத்தி ஒரு லைன்கூட எழுதலயே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் மனைவியை என்னைவிட இவளுக்கு நன்றாகத் தெரியுமாம். "நக்கோம்மா, வேணாம், அதுல கை வைக்காதே!" என்று கத்திவிட்டேன். அவள் முகம் வாடிப்போயிற்று. அப்புறம்தான் உட்காரவைத்துச் சொன்னேன்.

இருப்பதைப் பற்றி என் மனைவிக்கு எழுத வராது. போர்வெல் வற்றிய கோடையில் காய்ந்துபோன பிறகுதான் பவளமல்லி கவிதையானது. காற்றில் முருங்கை முறிந்து விழுந்த மறுநாள், காபி போடக்கூட மறந்து அதை எழுதிக்கொண்டிருந்தாள். குருவிகள் வருவது நின்ற பிறகு குருவிக் கவிதை. உயிரோடு இருக்கிறவரை எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்றுவாள், பூச்சி பார்ப்பாள், காய்க்கவில்லை என்று திட்டுவாள், அவ்வளவுதான். கொய்யாவோடும் அப்படித்தான். அணில் கடித்த பழத்தை அலம்பி, நல்ல பக்கத்தை நறுக்கி என்னிடம் நீட்டுவாள். நான் மூக்கைச் சுளித்துக்கொண்டே தின்பேன். புத்தகத்தில் இருப்பதெல்லாம் போய்ச் சேர்ந்த தோட்டம். அவள் கடைசிவரை புழங்கிய தோட்டம் இதுதான்.

அந்தப் பெண் கொய்யாவைத் திரும்பிப் பார்த்தாள். "சரி அங்கிள், கொய்யா இருக்கட்டும்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு புத்தகத்தைப் புரட்டியபடி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "இதுல உங்களப் பத்தியும் ஒண்ணுமில்லயே?"

அதை நானே மனைவியிடம் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறேன். செத்த பல்லிக்குக்கூட ஒரு கவிதை, கட்டின புருஷனுக்கு ஒரு வரி கிடையாதா என்று. "ஏன் பறக்கறீங்க? நீங்க முதல்ல போய்ச் சேருங்க, தனிப் புத்தகமே போட்டுடறேன்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். என்னைவிடச் சின்னவள், சுகர் பிரஷர் எதுவும் கிடையாது. அப்படித்தான் நடக்கும் என்று இரண்டு பேருமே இருந்துவிட்டோம்.

அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. இல்லாதவர்களைப் பற்றி எழுதுவது இப்போது என் தலையில் விழுந்திருக்கிறது. உட்கார்ந்து பார்க்கிறேன். என் மனைவியின் பெயர் வருகிறது. அதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை.