மூச்சு விடும் இடம்

ஃபெஸ்டஸ் ஹன்லி பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். கர்ட்டீன் வட்டாரத்தில் பாதி வீடுகளுக்குச் சுவர் பூசியது அவர் கைதான். புல்லாங்குழலும் அப்படியே. குருவும் கிடையாது, ஏடும் கிடையாது. சந்தையில் ஒரு கருங்காலிக் குழலை வாங்கி, காதால் கேட்டே முந்நூறு மெட்டுக்குமேல் பிடித்துவிட்டார். அயர்லாந்தின் இந்த மூலையில் இன்னொருவன் அப்படிச் செய்து காட்டட்டும், பார்ப்போம்.

அப்பேர்ப்பட்டவரிடம் மனைவி டிலியா, அறுபது வயதில், "எனக்கும் கத்துக் குடேன்" என்று கேட்டாள்.

"எனக்கு யாரு கத்துக் குடுத்தா? காது இருக்குல்ல, கேட்டுக்க."

அவள் சண்டை போடவில்லை. அடுத்த செவ்வாயே மாலகி டஃபியிடம் குழல் கற்கப் போய்ச் சேர்ந்தாள். மனைவியை இழந்தவர், ஓய்வுபெற்ற தபால்காரர், சாதுவாகப் பேசுகிறவர். வாராவாரம் அவருக்கு ஆப்பிள் கேக் போனது. வீட்டில் மிஞ்சிய ஓரத் துண்டைத் தின்னும்போதெல்லாம் ஃபெஸ்டஸுக்கு வயிறு எரிந்தது.

"அவன் குழல்ல பாதி காத்துதான் வருது" என்றார்.

"மீதி பாதி நல்லாருக்கே" என்றாள் டிலியா.

எட்டு மாதம் போயிற்று. ஒரு ஞாயிறு, பூசை முடிந்து, மதுக்கடையில் வாத்தியக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். டிலியா மாலகியின் பக்கத்தில். குழல்காரன் மூச்செடுக்க ஒரு சுரத்தை விட்டுத்தான் ஆகவேண்டும். எதை விடுவது என்பது அவனவன் வழக்கம். அவள் விட்ட இடத்தை மாலகி நிரப்பினார், அவர் விட்டதை அவள் நிரப்பினாள். மெட்டு அறுபடவே இல்லை. நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியவன் அவள் மேல்கோட்டைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நிற்கிறான், எவனோ அவள் மூச்சைத் தாங்குகிறான்! ஃபெஸ்டஸுக்குப் பீர் கசந்தது.

மாலகி கோப்பையை நிரப்ப எழுந்ததுதான் தாமதம், ஃபெஸ்டஸ் தன் குழலோடு அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப என்கூட வாசி."

எடுத்த எடுப்பில் நன்றாகத்தான் போனது. திடீரென்று இரண்டு குழலும் ஒரே இடத்தில் மூச்செடுத்தன. மெட்டு நடுவில் ஓட்டை விழுந்தது. மறுசுற்றிலும் அதே இடம், அதே ஓட்டை. பிடில்காரர் சிரித்தேவிட்டார்.

"அது நீ மூச்செடுக்கிற இடம்ப்பா" என்றார் மாலகி, கோப்பையோடு திரும்பி வந்து. "அங்க மூச்செடுக்காதேம்மான்னு எட்டு மாசமா சொல்றேன், கேட்டாத்தானே! இத்தனை வருஷம் உங்க சமையக்கட்டுல காதுல விழுந்தது, போகுமா? அதைச் சுத்தி வாசிச்சு எனக்குத்தான் மூச்சு முட்டுது."

ஃபெஸ்டஸுக்கு நெஞ்சு விரிந்தது. டிலியா விடவில்லை.

"பூரிச்சது போதும். நீ இடத்தை மாத்திக்க."

"நானா? நாப்பது வருஷமா..."

"கேட்டுக்கச் சொன்ன, கேட்டுக்கிட்டேன். இனி எனக்கு மாத்த வராது. முடியலேன்னா எந்திரி மனுஷா, மாலகி உக்காரட்டும்."

மாலகி நாற்காலி முதுகில் கை வைத்தபடி நின்றார். ஃபெஸ்டஸ் அந்தக் கையைப் பார்த்தார். குழலை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

அந்த இடம் வந்தது. டிலியா நிதானமாக மூச்செடுத்தாள். அவர் முகம் சிவக்க, கண் பிதுங்க, இரண்டு சுரம் தாண்டி ஊதினார். ஓட்டை அடைபட்டது. மெட்டு முடிந்தபோது இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. நாற்காலியை மட்டும் விடவில்லை.