கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி ஊதினேன்

முப்பது வருஷமாக எங்கள் சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவள் நான். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் அதை மட்டும் விடவில்லை.

அறுபத்தாறு வயதில், பாதி வரியிலேயே மூச்சு முட்டத் தொடங்கியது. விளாங்குடி வீட்டில் மாடிப்படி ஏறினால் நெஞ்சுக்குள் விசில் சத்தம். "வயசாகுதுல்ல, பாட்ட விட்டுட்டு வீட்ல இரு" என்பார் வீட்டுக்காரர். எதற்கெடுத்தாலும் அவரோடு மல்லுக்கு நிற்கிற நான் இதில் மட்டும் வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் உள்ளுக்குள் அதே பயம். இரண்டு வருஷம் இப்படியே போனது. இந்த ஈஸ்டரோடு நின்றுவிடுவதென்று முடிவே செய்துவிட்டேன்.

அப்போதுதான், சளிக்கு மருந்து வாங்கப் போன இடத்தில், டாக்டரம்மா நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டுவிட்டு நுரையீரல் டெஸ்ட் எடுக்கச் சொன்னார்.

டெஸ்ட் எடுக்கிற பெண் மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்தாள். மூச்சை முழுக்க இழுத்து ஒரேயடியாக ஊத வேண்டுமாம். நானோ பழக்கதோஷத்தில், நீளமான வரி ஒன்றைப் பாடி முடிப்பது போல, கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். பெருமையாக வேறு இருந்தது.

"இது சரிவராதும்மா. மொதல் செகண்டுல எம்புட்டு வருதுன்னுதான் பாக்கணும். மிச்சம் வைக்காம வேகமா ஊதுங்க."

மறுபடியும் அதே கதை. மூன்றாம் முறை அவள் சிரித்துவிட்டாள். "நீங்க என்ன வேலை பாத்தீங்க?"

"டீச்சர். சர்ச்சுல பாடவும் செய்வேன்."

"அதான! பாட்ட மறந்துட்டு, கிளாஸ்ல கத்துற மாதிரி நெனச்சுக்கங்க."

அது எனக்குக் கைவந்த கலை. கடைசி பெஞ்சை மனதில் வைத்து ஊதினேன். கண்ணில் பூச்சி பறந்தது. அவளுக்குத் திருப்தி வரும்வரை இன்னும் இரண்டு முறை. பிறகு ஒரு மருந்தை உறிஞ்சக் கொடுத்து, கால் மணி நேரம் உட்காரவைத்து, மறுபடி ஊதச் சொன்னாள். இந்த முறை திரையில் கோடு விறுவிறுவென்று மேலே ஏறியது.

டாக்டரம்மா இரண்டு கோடுகளையும் காட்டினார். "வெறும் வயசுன்னா மருந்துக்கு இம்புட்டு மாறாதும்மா. இது ஆஸ்துமா. தினமும் இன்ஹேலர் எடுங்க, தாராளமாப் பாடலாம்."

சீக்கு இருக்கிறதென்று கேட்டு இப்படிச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அழுகையே வந்துவிட்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துப் பதறி எழுந்தார். "என்ன சொன்னாங்க?"

"ஆஸ்துமாவாம். வயசு இல்லையாம்" என்றேன். அதற்குள் கோபமும் வந்துவிட்டது. "உங்க பேச்சக் கேட்டு ரெண்டு வருசம் வீணாக் கெழவியா இருந்திருக்கேன்!"