பெரணிமேல் விழுந்த நிழல்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். பார்த்தது நான். கூட இருந்தது என் தங்கை. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கண் பிசகாது.

காட்டுச்செடிகளைப் படமெடுப்பது என் பிழைப்பு. வெயில் நேராகப் பட்டால் இலை வெளுத்துவிடும். நிழலில்தான் அதன் உண்மையான பச்சை தெரியும். மூடிப்போன கல்குவாரி ஒன்றின் அடியில் ஒரு பெரிய பாறை. பாறை முழுக்கப் பெரணி, பூக்காத அந்த நிழற்செடி. எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மட்டும்தான் அங்கே வரும். மெத்தென்ற வெளிச்சம். அதில் எதற்குமே நிழல் விழாது. நான் நின்றால் எனக்கும் விழாது.

பட்டப்பகல். ஸ்டாண்டில் கேமராவை மாட்டிவிட்டுக் குனிந்தேன்.

பெரணிமேல் ஒரு நிழல். தலை... தோள்... கத்தியால் வெட்டியதுபோல் விளிம்பு.

"தள்ளி உட்காருடி, மறைக்குது."

"நான் எங்கக்கா மறைக்கிறேன்? இங்கதானே இருக்கேன்!"

திரும்பினேன். எங்கேயோ தள்ளி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவளும் பார்த்துவிட்டாள்.

சொட்... சொட்... என்று பாறையில் வடிந்துகொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது.

"அக்கா... போயிடலாம்க்கா..."

பயம்தான். இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிட ஆத்திரம். இந்த ஒரு படத்துக்காக எத்தனை மழையில் நனைந்திருப்பேன்!

"யாரா இருந்தாலும் சரி, வெளிச்சத்தை மறைக்காதே. நகரு!"

அசையவில்லை.

"நகருன்னா நகரு!"

சர்ர்ர்... கல்மேல் கல் இழுபடும் சத்தம்.

நிழல் நகர்ந்தது.

மெதுவாக...

என் பக்கம்.

என் செருப்பைத் தொட்டது. பாதம் மரத்துப்போனது.

நான் நகரவில்லை.

க்ளிக்.

சொட்... மறுபடி தண்ணீர். நிழல் இல்லை.

ஓடவில்லை நாங்கள். நடந்துதான் மேலே ஏறினோம்.

படத்தில் பாறையும் பெரணியும் மட்டும்தான் இருந்தன. நான் எடுத்ததிலேயே நல்ல படம். "அழிச்சிடுக்கா" என்று தங்கை அழுதாள். பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினேன்.

பிறகொரு நாள் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்க வந்த மெக்கானிக், படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். முன்பு அந்தக் குவாரியில் மெஷின் ஓட்டியவராம்.

"இந்தப் பாறை சரிஞ்சப்போ எங்காளு ஒருத்தர் அடியில மாட்டிக்கிட்டாரும்மா. ரெண்டு நாள் குரல் கேட்டுச்சு. என்ன பண்ணியும் பாறை இம்மிகூட அசையல."

"அப்புறம்?"

"ஆள் சொல்லாம ஓடிட்டான்னு கதை கட்டி, முதலாளி குவாரியை மூடிட்டார். எங்காளு இன்னும் அதுக்கடியிலதான் இருக்கார்."

படத்தை நான் கழற்றவில்லை. கழற்றவும் மாட்டேன்.