பச்சை விளக்கில் நிறுத்திய ஜீப்

1984 ஆடி மாதம், வேலூரில் நடந்தது இது. அப்பா இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜவ்வாது மலையில் ஒரு புளி வியாபாரியின் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார் அவர். "லைசென்ஸோட வா, வண்டி உனக்கு. இல்லாட்டி கீழேர்ந்து வேற ஆள வெச்சிக்குவேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார். அம்மாவுக்கும் எனக்கும் வேறு பிழைப்பு இல்லை.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்தே வண்டி பழகியிருந்தேன். ஆனால் மலையில் சிக்னல் ஏது? இருந்த ஒரே போர்டும், மாடுகள் முதுகு சொறிந்து சொறிந்து வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. பஸ் அதிகம் வராத ஊர் என்பதால் எங்களுக்கு ஒரே சட்டம்தான்: வழியில் யார் கை தூக்கினாலும் நிறுத்தி ஏற்றிக்கொள்ள வேண்டும். சிவப்புக்கு நிற்கணும், பச்சைக்குப் போகணும் என்பதை முதலாளியிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

லைசென்ஸ் டெஸ்ட் எடுக்கப் பக்கத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். முச்சந்தியில் பச்சை விளக்கு. தைரியமாகப் போனேன். நடுவில் நின்ற போலீஸ்காரர் என்னைப் பார்த்துக் கை தூக்கினார். பச்சையில் நிறுத்தினால் லைசென்ஸ் போச்சு. ஆனால் தூக்கிய கையைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. பிரேக்கை மிதித்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினேன்.

"பின்னாடி ஏறிக்கோங்க சார். புளி மூட்டைய கொஞ்சம் தள்ளிட்டு குந்துங்க. எங்க எறங்கணும்?"

"இன்னாய்யா, கிண்டலா?" என்றார் அவர். அதற்குள் மணியடித்துக்கொண்டு குறுக்கே ஒரு தீயணைப்பு வண்டி பறந்தது.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "பச்சைதானே எரியுது. ஏன் நிறுத்தினே?"

"அவரு கை தூக்கினாரு சார். அவசரமா எங்கியோ போவணும் போல இருக்குது."

அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. "போலீஸ்காரர் கை காட்டினா விளக்கு, போர்டு எல்லாம் அப்புறம்தான். நீ செஞ்சது சரி. ஏன் செஞ்சேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாத" என்று பாஸ் போட்டுவிட்டார்.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? அப்பா போனதிலிருந்து சரியாகப் பேசாதவர், முழுவதையும் கேட்டுவிட்டுக் கவலையாகக் கேட்டார்.

"பாவம், அந்தப் போலீஸ்காரு அப்பால எப்பிடிடா வூட்டுக்குப் போனாரு?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என்னைப் பார்த்து அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இப்போதும் கீழே போனால், விளக்கைப் பார்ப்பதற்கு முன் நடுவில் நிற்பவரின் கையைத்தான் பார்க்கிறேன். அப்பா இல்லாத வீட்டிலும் சிரிக்க முடியும் என்பது அப்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.