கப்பில் ஏறிய ஜப்பான் மழை

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் கப்புகளுக்குப் படம் போடும் வேலை எனக்கும் என் தோழிக்கும். ஜப்பானின் பழைய நெடுஞ்சாலைப் பயணத்தைக் காட்டும் மர அச்சுப் படங்கள் நிறைந்த புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் மழையில் பாலம் கடப்பவர்களை இருவருமாகக் கப்பில் போடுவதாகப் பேச்சு. புத்தகத்தை வூட்டுக்கு வாங்கிப் போனவள், "இதெல்லாம் நம்மூருல எடுபடாதுடி" என்று திருப்பிக் கொடுத்தாள்.

தை மாதம் திட்டக்குடியில் ஒரு கல்யாணத்தில் டீ கொடுத்தார்கள். கப்பில் அதே பாலம், அதே மழை. அடியில் பக்கத்துக் கம்பெனி முத்திரை. புத்தகத்தை வாங்கிப் போனவள்தான் கப்பில் படம் பதிக்கும் ரப்பர் அச்சை அவர்களுக்கு வெட்டிக் கொடுத்திருக்கிறாள்; பதிக்கும்போது படம் திரும்பிவிடும் என்பதால் இடவலம் மாற்றி வெட்ட வேண்டும், அதை மறந்திருக்கிறாள். ஆட்கள் எதிர்த்திசையில் நடந்தார்கள்.

மறுநாள் கேட்டேன். முகம்கூட மாறாமல் சொன்னாள், பாவி: "ஒன் படத்துல அந்தப் பக்கம் போறாங்க, என்னுதுல இந்தப் பக்கம் போறாங்க. ரெண்டும் எப்படிடி ஒண்ணாவும்?"